ஓ.கே.: இரண்டெழுத்தின் வரலாறு

நுழையும்முன்

மாந்தரைப் போலவே சொற்களுக்கும் பிறப்பும் வளர்ச்சியும் பயணமும் உண்டு. பெரும்பாலான சொற்கள் எந்நாளில், எவர் வாயில் பிறந்தன என்பதை அறிய இயலாது. மிகச் சில சொற்களுக்கு மட்டுமே நாளையும் ஊரையும் சுட்டிச் சொல்லும் வகையில் சான்று கிடைத்துள்ளது. உலகின் பல மொழிகளில் வழங்கிவரும் ‘ஓ.கே.’ என்னும் சொல் அச்சிலவற்றுள் ஒன்றாகும். ஒரு சொல் எவ்வாறு தோன்றிப் பரவுகிறது என்பதை மட்டுமன்றி, சொல்லின் வரலாற்றை எவ்வாறு ஆராய்ந்து நிறுவ வேண்டும் என்பதையும் இச்சொல்லின் கதை உணர்த்துகிறது.

எங்கும் ஒலிக்கும் சொல்

கணினித் திரையில் ஒரு பணியை உறுதிசெய்ய அழுத்தும் பொத்தானில் ‘ஓ.கே.’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் உள்ளன. நண்பர் இருவர் சந்திப்பதற்கு நேரம் குறிக்கும்போது, “நாளைக்குப் பத்து மணி, ஓகேவா?” என்று ஒருவர் வினவ, “ஓகே” என்று மற்றவர் விடையளிக்கிறார். அலுவலகத்தில் கோப்பு ஒப்புதல் பெற்றால் “ஓகே ஆயிடுச்சு” என்கின்றனர். வினாவாகவும் விடையாகவும் பெயராகவும் வினையாகவும் அடையாகவும் இவ்விரண்டெழுத்து நின்று பொருள் தருகிறது. தமிழரின் அன்றாடப் பேச்சிலும் ‘ஓகேதான்’, ‘ஓகேன்னா’, ‘ஓகே பண்ணு’ என்று தமிழ் இடைச்சொற்களையும் துணைவினைகளையும் ஏற்று இது வழங்குகிறது.

இத்துணைப் பரவலாக வழங்கும் ஒரு சொல், பழமையான மொழியொன்றின் வேரிலிருந்து கிளைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆயினும், இலத்தீன், கிரேக்கம் முதலிய செம்மொழிகளிலிருந்து வந்த சொல் அன்று இது. ஆங்கிலத்திலும் இதற்கு நெடிய வரலாறு இல்லை. ஷேக்ஸ்பியர் இச்சொல்லை அறியார். ஏறத்தாழ 185 ஆண்டுகளுக்கு முன்னர், அமெரிக்க நகரம் ஒன்றின் நாளிதழில் வேடிக்கையாக எழுதப்பட்ட கொச்சைச் சுருக்கமாகவே இது முதன்முதலில் தலைகாட்டியது.

ஒரு சொல்லுக்குப் பல கதைகள்

சொல்லின் பிறப்பு மறந்துபோகும்போது அவ்விடத்தைக் கதைகள் நிரப்பிவிடுகின்றன. ‘ஓ.கே.’ என்னும் சொல்லுக்கும் அவ்வாறு பல பிறப்புக் கதைகள் கூறப்பட்டுள்ளன.

‘எல்லாம் நலம்’ எனப் பொருள்படும் ‘ஓலா கலா’ என்னும் கிரேக்கத் தொடரின் முதலெழுத்துகளே இவை என்பது ஒரு கதை. எயிட்டி நாட்டிலுள்ள லே காய் என்னும் துறைமுகம் மதுவுக்குப் பெயர்பெற்றது; ‘காயிலிருந்து வந்தது’ என்பதைக் குறிக்கும் ‘ஓ காய்’ என்னும் பிரெஞ்சுத் தொடரே இவ்வாறு திரிந்தது என்பது மற்றொன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட ரொட்டிகளின்மேல் அவற்றைச் செய்தவரின் பெயரெழுத்துகளாக இவை பொறிக்கப்பட்டிருந்தன என்பது பிறிதொன்று. அப்போரில் உயிரிழப்பு இல்லாத நாளில் ‘சுழியம் பேர் மாண்டனர்’ என்பதைச் சுருக்கி எழுதியதே இச்சொல் என்றும் கூறப்படுவதுண்டு.

அமெரிக்கப் பழங்குடியினருள் ஒரு பிரிவினராகிய சாக்டா மக்களின் மொழியில் ‘அது அவ்வாறே’ என்னும் பொருளில் ‘ஓகே’ என்னும் சொல் உண்டு. அச்சொல்லே ஆங்கிலத்திற்கு வந்தது என்னும் கருத்துக்கு ஒரு காலத்தில் பெரும் செல்வாக்கு இருந்தது. 1913 முதல் 1921 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த உட்ரோ வில்சன் அக்கருத்தை ஏற்று, தம் ஒப்புதலைக் குறிக்கச் சாக்டா சொல்லின் எழுத்துமுறையையே கையாண்டார்.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஓலோஃப் மொழியில் உடன்பாட்டைக் குறிக்கும் ‘வாவ் கே’ என்னும் தொடரிலிருந்து, அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழியாக இச்சொல் அமெரிக்காவை அடைந்தது என்று மொழியியலாளர் டேவிட் டால்பி கருதினார்.

இக்கதைகள் அனைத்திலும் ஒலி ஏதோ ஒரு வகையில் பொருந்துகிறது. பொருளும் பலவற்றில் பொருந்துகிறது. எனினும், ஒரு சொல்லுக்கு இத்தனை பிறப்பிடங்கள் இருக்க இயலாது. எது உண்மை என்பதை எவ்வாறு அறிவது? ஒரு மொழியறிஞர் இவ்வினாவுக்கு விடைதேடிப் பல்லாண்டுகள் உழைத்தார்.

நாளிதழ்களைப் புரட்டிய அறிஞர்

ஆலன் வாக்கர் ரீட் (1906 – 2002) கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். அமெரிக்க ஆங்கிலச் சொற்களின் வரலாற்றை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர். ‘ஓ.கே.’ என்னும் சொல்லைப் பற்றிய கதைகளுள் அழகானதைத் தேர்ந்தெடுப்பது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. அச்சொல் எழுத்தில் முதன்முதலில் எங்கே, எந்நாளில், எப்பொருளில் வருகிறது என்பதையே அவர் தேடினார். கணினியும் மின்னணு நூலகமும் இல்லாத அக்காலத்தில், பழைய நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டியே சான்றுகளைத் திரட்ட வேண்டியிருந்தது.

1941ஆம் ஆண்டில் ரீட் தம் முதல் முடிவை வெளியிட்டார். 1840ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இச்சொல் பிறந்தது என்பது அம்முடிவு. பின்னர், அத்தேர்தலுக்கும் முற்பட்ட சான்றுகள் கிடைத்தபோது தம் முடிவைத் தாமே திருத்திக்கொண்டார். 1963, 1964ஆம் ஆண்டுகளில் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ என்னும் ஆய்விதழில் தொடர்ச்சியாக வெளியான அவருடைய கட்டுரைகள் இச்சொல்லின் வரலாற்றைத் தெளிவுபடுத்தின. தாம் முன்னர் நிறுவிய முடிவாயினும் புதிய சான்றின்முன் அது நில்லாது எனில் அதனைக் கைவிடுதல் ஆய்வாளர்க்குரிய நேர்மை என்பதற்கு ரீடின் பணி நல்ல எடுத்துக்காட்டாகும்.

பாஸ்டன் நகரின் குழூஉக்குறி

ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் பொருள் விளங்குமாறு, ஒன்றன் இயல்பான பெயரை விடுத்து வேறொரு சொல்லால் அதனைக் குறிப்பதைத் தமிழ் இலக்கணம் குழூஉக்குறி என்று வழங்கும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்று கூறுதலை இலக்கண உரைகள் இதற்குச் சான்றாகக் காட்டும். ‘ஓ.கே.’ என்னும் சொல்லும் இத்தகைய குழுவழக்காகவே தோன்றியது எனலாம்.

1838ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர நாளிதழ் ஆசிரியர்களிடையே ஒரு விளையாட்டு வழக்கம் பரவியது. தொடர்களை முழுமையாக எழுதாமல் முதலெழுத்துகளால் மட்டும் எழுதுவது அவ்வழக்கம். சிறிது காலத்தில் அவ்விளையாட்டு மேலும் ஒரு படி சென்றது. சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அப்பிழையான வடிவத்தின் முதலெழுத்துகளைக் கையாளத் தொடங்கினர். எழுத்தறிவு குறைந்தோர் எழுதுவதுபோல் எழுதிச் சிரிப்பூட்டுதல் அக்கால நகைச்சுவையின் ஒரு கூறாக இருந்தது.

ஆங்கிலத்தில் ஒலிப்பும் எழுத்தும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று மாறுபடும். ‘எல்லாம் சரி’ எனப் பொருள்படும் ‘ஆல் கரெக்ட்’ என்னும் தொடரில், முதற்சொல் ‘ஏ’ என்னும் எழுத்தாலும் இரண்டாம் சொல் ‘சி’ என்னும் எழுத்தாலும் தொடங்கும். எழுத்துமுறை அறியாத ஒருவர் காதில் விழும் ஒலியை மட்டும் நம்பி எழுதினால், முன்னதை ‘ஓ’ என்னும் எழுத்தாலும் பின்னதைக் ‘கே’ என்னும் எழுத்தாலும் தொடங்கக்கூடும். அவ்வாறு பிழைபட எழுதப்பட்ட ‘ஆல் கரெக்ட்’ என்னும் தொடரின் சுருக்கமே ‘ஓ.கே.’ ஆகும். ‘எல்லாம் சரி’ என்பதைச் சுருக்கும் இரண்டு எழுத்துகளுமே சரியில்லை என்பதில்தான் அதன் நகைச்சுவை அடங்கியிருந்தது.

இது தனித்து எழுந்த சுருக்கம் அன்று. ‘ஆல் ரைட்’ என்பதும் பிழைபட எழுதப்பட்டு ‘ஓ.டபிள்யூ.’ ஆயிற்று. ‘பயனில்லை’ எனப் பொருள்படும் ‘நோ யூஸ்’ என்பது ‘கே.ஒய்.’ ஆயிற்று. ‘இல்லை’ என்னும் பொருளுடைய ‘நோ’ என்பதற்கு மாற்றாக, அதே ஒலியுடன் ‘அறி’ என்னும் பொருள்தரும் வேறொரு சொல்லை எழுதினர். ஒலிக்கப்படாத ‘கே’ அதன் முதலெழுத்து. இவ்வாறு தோன்றிய சுருக்கங்கள் பலவாகும்.

1839 மார்ச் 23

1839ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் வெளியான ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழின் இரண்டாம் பக்கத்தில் ‘ஓ.கே.’ என்னும் சுருக்கம் இடம்பெற்றுள்ளது. அச்சில் இதுவரை அறியப்பட்டுள்ள பழமையான ஆட்சி இதுவேயாகும். அவ்விதழின் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன்.

அச்செய்தி அரசியல் பற்றியதன்று. அரிய நிகழ்ச்சி பற்றியதுமன்று. ‘மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம்’ என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டிக்கொண்ட குழுவினரின் பயணத்தைப் பற்றி, அண்டை நகரமாகிய பிராவிடன்ஸ் நாளிதழ் ஒன்று எழுதியதற்கு மறுமொழியாக அமைந்த குறும்புரை அது. அதில் ‘ஓ.கே.’ என்று எழுதி, அதனையடுத்து ‘எல்லாம் சரி’ என்னும் பொருளும் ஆங்கிலத்தில் தரப்பட்டுள்ளது. சுருக்கத்தை எழுதியவுடன் பொருளையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தமை, அச்சுருக்கம் அன்றைய வாசகர்க்குப் புதியது என்பதைக் காட்டும் அகச்சான்றாகும்.

அக்காலத்தில் நாளிதழ் ஆசிரியர்கள் தம் இதழ்களைப் பிற ஊர் ஆசிரியர்களுக்கு அஞ்சலில் அனுப்பினர். ஓர் இதழின் நகைச்சுவைத் துணுக்குகளை மற்றோர் இதழ் எடுத்து வெளியிட்டது. அவ்வழியாகப் பாஸ்டனின் விளையாட்டுச் சுருக்கங்கள் நியூயார்க் முதலிய பிற நகரங்களுக்கும் சென்றன. எனினும், விளையாட்டு வழக்கு நெடுநாள் நிலைப்பதில்லை. ‘ஓ.டபிள்யூ.’, ‘கே.ஒய்.’ முதலியவை சில ஆண்டுகளிலேயே மறைந்தன. ‘ஓ.கே.’ என்பதும் அவற்றுடன் மறைந்திருக்கக்கூடும். மறுஆண்டு நிகழ்ந்த தேர்தல் அதனைக் காத்தது.

தேர்தல் களத்தில்

1840ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த மார்ட்டின் வான் பியூரன் இரண்டாம் முறையாகத் தேர்தலில் போட்டியிட்டார். நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் என்னும் சிற்றூர் அவர் பிறந்த ஊர். ‘முதியவர்’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை முன்சேர்த்து, ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ என்று அவரைக் குறித்தனர். இத்தொடரின் முதலெழுத்துகளும் ‘ஓ’, ‘கே’ என்பனவே.

தற்செயலாக அமைந்த இவ்வொற்றுமையை அவருடைய ஆதரவாளர்கள் பயன்படுத்திக்கொண்டனர். 1840ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நியூயார்க் நகரில் ‘ஓ.கே. சங்கம்’ என்னும் அமைப்பு செயல்படத் தொடங்கியது. தலைவரின் பெயரையும் ‘எல்லாம் சரி’ என்னும் பொருளையும் ஒருசேர உணர்த்திய அவ்விரண்டெழுத்து, தேர்தல் முழக்கமாக ஊரெங்கும் ஒலித்தது.

எதிர்த்தரப்பினரும் வாளாவிருக்கவில்லை. அதே எழுத்துகளுக்கு ஏளனமான விரிவுகளைத் தந்தனர். ‘கையில் காசில்லை’ என்றும் ‘பேரழிவு’ என்றும் பொருள்படும் தொடர்களைப் பிழைபட எழுதி, அவையே ‘ஓ.கே.’ என்றனர். ஆதரவாகவும் எதிர்ப்பாகவும் நாள்தோறும் பேசப்பட்டமையால், பாஸ்டன் ஆசிரியர்களின் குழூஉக்குறி பொதுமக்களின் சொல்லாயிற்று.

தேர்தலில் வான் பியூரன் தோற்றார். வில்லியம் ஹென்றி ஹாரிசன் 234 தேர்வாளர் வாக்குகளையும் வான் பியூரன் 60 வாக்குகளையும் பெற்றனர். தலைவர் தோற்றபோதும் அவருக்காக முழங்கிய சொல் தோற்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

கிண்டர்ஹூக் என்பது டச்சு மொழிப் பெயர். ‘குழந்தைகளின் முனை’ என்பது அதன் பொருள். அவ்வூரில் டச்சுக் குடியேற்றத்தார் மிகுதியாக வாழ்ந்தனர். வான் பியூரனின் தாய்மொழியும் டச்சு மொழியே. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களுள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் அவர் ஒருவரே.

ஏளனத்திற்காகப் புனையப்பட்ட பொய்

அத்தேர்தல் காலத்தில் மற்றொரு கதையும் பிறந்தது. வான் பியூரனுக்கு முன்னர்க் குடியரசுத் தலைவராக இருந்தவரும் அவருடைய கட்சியைச் சார்ந்தவருமான ஆண்ட்ரூ ஜாக்சன் எழுத்துப்பிழை மிகுந்தவர் என்றும், ‘ஆல் கரெக்ட்’ என்பதைச் சரியாக எழுதத் தெரியாமல் ஆவணங்களில் ‘ஓ.கே.’ என்று எழுதியவர் அவரே என்றும் எதிர்த்தரப்பு நாளிதழ் ஒன்று எழுதியது. ஜாக்சன் வழக்குரைஞராகவும் நீதிபதியாகவும் பணியாற்றியவர். அக்கதை அரசியல் ஏளனத்திற்காகப் புனையப்பட்டது. ஆயினும், சுவையாக இருந்தமையால் அது பல தலைமுறைகளுக்கு உண்மைபோல வழங்கியது.

அதற்கு ஆவணச் சான்று காட்டும் முயற்சியும் நடந்தது. 1790ஆம் ஆண்டின் நீதிமன்றப் பதிவேடு ஒன்றில் ஜாக்சன் தொடர்பான குறிப்பில் ‘ஓ.கே.’ என்று எழுதப்பட்டுள்ளதாகச் சிலர் கூறினர். அதனைக் கூர்ந்து ஆராய்ந்தபோது, அவ்வெழுத்துகள் ‘ஓ.ஆர்.’ என்பது புலனாயிற்று. ‘ஆணை பதிவுசெய்யப்பட்டது’ என்பதன் சுருக்கம் அது. கையெழுத்தை மாற்றிப் படித்தமையால் ஒரு சொல்லின் வரலாறு அரை நூற்றாண்டு பின்னோக்கித் தள்ளப்பட இருந்தது. மூலத்தை நேரில் காணாமல் எடுத்தாளும் மேற்கோள் எத்துணைத் தவறுக்கு இடந்தரும் என்பதை இதனால் அறியலாம்.

கதைகள் வீழ்ந்த விதம்

1839 என்னும் ஆண்டு உறுதியானபின் பிற கதைகளைச் சோதிப்பது எளிதாயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கி 1865இல் முடிவுற்றது. அப்போர் தொடங்குவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே ‘ஓ.கே.’ அச்சில் வந்துவிட்டது. ஆகவே, ரொட்டியின் கதையும் ‘சுழியம் பேர் மாண்டனர்’ என்னும் கதையும் காலத்தாலேயே விலக்கப்படுகின்றன. பின்னால் நிகழ்ந்தது முன்னால் தோன்றியதற்குக் காரணமாகாது.

கிரேக்க, பிரெஞ்சுக் கதைகளுக்கு ஒலி ஒப்புமை உண்டு. ஆனால், அம்மொழிகளிலிருந்து அக்காலப் பாஸ்டனுக்குச் சொல் வந்த வழியைக் காட்டும் எழுத்துச் சான்று இல்லை. சாக்டா, ஓலோஃப் மொழிகளைப் பற்றிய கருத்துகளை இவற்றினும் கவனமாக எண்ணிப்பார்க்க வேண்டும். பழங்குடியினரின் பேச்சும் அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் பேச்சும் அக்கால இதழ்களில் அரிதாகவே பதிவுபெற்றன. எழுத்தில் இல்லாமையால் வழக்கில் இல்லை என்று முடிந்த முடிபாகக் கூறிவிட இயலாது. எனினும், பாஸ்டன் இதழ்களில் விரவிக்கிடக்கும் சுருக்கங்கள், ‘ஓ.கே.’ என்பதையடுத்து அவ்விதழே தரும் பொருள், மறுஆண்டின் தேர்தல் முழக்கம் ஆகியவை ஒன்றோடொன்று தொடர்ந்து சங்கிலிபோல் அமைந்துள்ளன. ஏனைய கருத்துகளுக்கு அத்தகைய தொடர்ச்சி கிடைக்கவில்லை. ஆகவேதான் ரீடின் முடிவை அகராதி வல்லுநர்கள் ஏற்றனர்.

தந்தியிலிருந்து திரைக்கு

1844ஆம் ஆண்டில் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தித் தொடர்பை நிறுவிக் காட்டினார். தந்தியில் ஒவ்வோர் எழுத்தையும் குறிகளாகத் தட்டி அனுப்ப வேண்டும். ஆகவே, சொல் குறுகியதாக இருத்தல் நன்று. ‘செய்தி முழுமையாகக் கிடைத்தது’ என்று மறுமுனைக்கு அறிவிக்கத் தந்திப் பணியாளர்கள் ‘ஓ.கே.’ என்னும் இரண்டெழுத்தைக் கையாண்டனர். தொடர்வண்டிப் போக்குவரத்திலும் வணிக ஆவணங்களிலும் ஒப்புதல் குறியாக இது இடம்பெற்றது. வேடிக்கைக்காகத் தோன்றிய சொல், பிழை நேரக்கூடாத பணிகளில் ‘பிழையில்லை’ என்பதற்கு அடையாளமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வணிகமும் திரைப்படமும் இசைத்தட்டும் சென்ற நாடுகளுக்கெல்லாம் இச்சொல்லும் சென்றது. 1918ஆம் ஆண்டில் ஆட்டோ ஹைனமான் என்பவர் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்திற்கு ‘ஓகே’ என்றே பெயரிட்டார். அது அவருடைய முழுப்பெயரின் முதலெழுத்துகளாகவும் அமைந்தது. 1961ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் ஆலன் ஷெப்பர்டு அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரராகப் பறந்தார். அப்பயணத்தையொட்டி, ‘ஏ-ஓகே’ என்னும் தொடர் உலகச் செய்திகளில் பரவியது.

தெரிந்து தெளிவோம்

ஆப்பிள் நிறுவனம் 1983ஆம் ஆண்டில் ‘லிசா’ என்னும் கணினியை வெளியிட்டது. அதனை வடிவமைக்கும்போது, உறுதிசெய்யும் பொத்தானில் முதலில் ‘செய்க’ எனப் பொருள்படும் ‘டூ இட்’ என்னும் தொடரையே எழுதியிருந்தனர். சோதித்துப் பார்த்தவர்களுள் ஒருவர், இரு சொற்களுக்கும் இடையே இருந்த இடைவெளியைக் கவனியாமல், ‘அறிவிலி’ எனப் பொருள்படும் ‘டோல்ட்’ என்னும் சொல்லாக அதனைப் படித்து மனம் வருந்தினார். அதன்பின் அப்பொத்தானில் ‘ஓ.கே.’ என்று எழுதினர்.

பொருளின் தனித்தன்மை

‘ஓ.கே.’ நிலைபெற்றதற்கு அதன் குறுமை மட்டும் காரணம் அன்று. அதன் பொருளிலும் ஒரு தனித்தன்மை உண்டு. ‘நன்று’, ‘சிறப்பு’ என்னும் சொற்கள் உடன்படுவதோடு மதிப்பீடும் செய்கின்றன. ‘ஓ.கே.’ என்பதோ மதிப்பீடு செய்யாமல் உடன்பாட்டை மட்டும் தெரிவிக்கிறது. “படம் எப்படி?” என்னும் வினாவுக்கு “ஓகே” என்பது விடையாயின், படம் மிக நன்று என்பது பொருளன்று, குறைசொல்ல ஒன்றுமில்லை என்பதே பொருள். விரும்பியும் உடன்படலாம், விருப்பமின்றியும் உடன்படலாம். இரண்டிற்கும் இச்சொல் இடந்தருகிறது. இச்சொல்லின் வரலாற்றை விளக்கி 2010ஆம் ஆண்டில் தனிநூல் எழுதிய ஆலன் மெட்காஃப் என்னும் அமெரிக்க அறிஞரும் இந்நடுநிலைப் பண்பை வலியுறுத்துகிறார்.

தமிழில் ‘சரி’ என்னும் சொல் ஏறத்தாழ இப்பணியைச் செய்கிறது. ‘சரி’, ‘சரியா?’, ‘சரிதான்’ என்று உடன்பாடாகவும் வினாவாகவும் அது வரும். ஆயினும், அதன் பொருட்பரப்பு இன்னும் விரிந்தது. ‘சரிபார்த்தல்’, ‘சரிசெய்தல்’, ‘சரிநிகர்’, ‘சரிபாதி’ என ஒப்பு, செம்மை, சமன் ஆகிய பொருள்களிலும் அது வழங்குகிறது. பேச்சுவழக்கில் ‘ஓகே’ புகுந்தபின்னரும் இவ்விடங்களில் ‘சரி’ தன் இடத்தை இழக்கவில்லை. புதிய சொல் வந்தவுடன் பழைய சொல் முற்றாக மறைந்துவிடுவதில்லை என்பதும், இரண்டும் தத்தமக்குரிய இடங்களைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு என்பதும் இதனால் விளங்கும்.

ஒலி ஒப்புமையும் சான்றும்

சொல்லுக்கும் அதன் பொருளுக்கும் உள்ள காரணம் பார்த்த அளவில் விளங்கித் தோன்றாது என்பது தொல்காப்பியர் கருத்து. ‘ஓ.கே.’ என்னும் சொல்லின் வரலாறு இக்கருத்தின் உண்மையை மெய்ப்பிக்கிறது. ஒலியில் ஒத்தவை அனைத்தும் உறவுடையவை அல்ல. தமிழ்ச் சொற்களின் வரலாற்றை ஆராய்வோரும் இதனை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

ஆங்கிலத்தின் ‘கட்டமரான்’ என்னும் சொல் தமிழின் ‘கட்டுமரம்’ என்பதிலிருந்து சென்றது. இது வெறும் ஒலி ஒப்புமையால் கூறப்படுவதன்று. மரங்களைக் கட்டிச் செய்யும் அம்மிதவை சோழமண்டலக் கடற்கரையில் வழங்கியது. அக்கரைக்கு வந்த ஆங்கிலேயர் அதனைக் கண்டனர். 1697ஆம் ஆண்டில் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூலில் அம்மிதவையும் அதன் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. பொருள், இடம், காலம், எழுத்துச் சான்று ஆகிய அனைத்தும் பொருந்துகின்றன. எனவே, ஆங்கில அகராதிகள் இச்சொல்லின் மூலம் தமிழ் என ஐயமின்றிக் குறிக்கின்றன.

இதற்கு மாறாக, ஆங்கிலத்தில் எண்ணுப்பெயராகிய ‘ஒன்’ என்பது தமிழின் ‘ஒன்று’ என்பதிலிருந்து வந்தது என்று சிலர் கூறுவர். இரண்டும் ஒலியில் நெருங்கியவை, பொருளும் ஒன்றே. ஆயினும், அவ்வாங்கிலச் சொல்லின் பழைய வடிவம் ‘ஆன்’ என்பதாகும். இன்று அதன் முதலில் கேட்கும் வகர ஒலி பிற்காலத்தில் தோன்றியது. அதிலிருந்தே பிறந்த ‘அலோன்’, ‘ஓன்லி’ என்னும் சொற்களில் அவ்வகர ஒலி இன்றும் இல்லை. உறவுமொழியாகிய செருமானியத்தில் அது ‘ஐன்ஸ்’ என்றும் இலத்தீனில் ‘ஊனுஸ்’ என்றும் வழங்கும். தமிழிலோ ‘ஒன்று’ என்பது ‘ஒரு’, ‘ஓர்’, ‘ஒருவர்’ முதலியவற்றோடு சேர்ந்த சொற்குடும்பத்தைச் சார்ந்தது. இரு சொற்களின் பழைய வடிவங்களையும் உறவுச்சொற்களையும் நோக்கும்போது, இன்று காணும் ஒப்புமை தற்செயலானது என்பது தெளிவாகும்.

கட்டுமரத்தின் பெருமையை நிலைநாட்டிய அதே அளவுகோலே இங்கு ஒப்புமையை மறுக்கிறது. வேண்டிய இடத்தில் மட்டும் அளவுகோலைக் கைக்கொண்டு, வேண்டாத இடத்தில் கைவிடுதல் ஆய்வாகாது. சான்றில்லாத ஒரு கூற்றைப் பிடித்துக்கொண்டால், சான்றுள்ள பல கூற்றுகளையும் பிறர் ஐயுற நேரும். மொழியின்மேல் கொண்ட பற்று, அதன் சொற்களைப் பற்றி உண்மையை மட்டும் கூறுவதிலேயே சிறக்கிறது.

முடிவுரை

ஒரு நகரத்து ஆசிரியர்கள் சிலர் வேடிக்கைக்காகச் செய்த எழுத்துப்பிழை, தோற்றுப்போன வேட்பாளர் ஒருவரின் ஊர்ப்பெயரால் பிழைத்துத் தந்திக் கம்பியின் வழியே பரவி, இன்று உலகினரின் உடன்பாட்டுச் சொல்லாக நிற்கிறது. அதன் பிறப்பைப் பற்றி எழுந்த கதைகள் பலவும் அதற்கு உயர்ந்த குலமொன்றைத் தேடித்தர முயன்றன. பழைய நாளிதழின் ஒரு மூலையில் கிடைத்த சிறு சான்றோ எளிய பிறப்பையே காட்டியது. எளிய பிறப்பினால் அச்சொல்லின் பயனோ பரவலோ குறையவில்லை. இனிமேல் ‘ஓகே’ என்று ஒருவர் கூறக் கேட்கும்போது, அவ்விரண்டெழுத்தின் பின்னால் பாஸ்டன் நகரத்து நாளிதழ் ஒன்றும், அதனைத் தேடி ஏடுகளைப் புரட்டிய அறிஞர் ஒருவரின் உழைப்பும் இருப்பதை மாணவர்கள் நினைவுகூரலாம். நாள்தோறும் வாயில் வழங்கும் பிற சொற்களும் இத்தகைய வரலாறுகளைத் தம்முள் கொண்டிருக்கக்கூடும். அவற்றைத் தேடுவோர் முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இதற்குச் சான்று யாது?